வாய்ஸ்ல போடுங்க

திண்டுக்கல்லில் என்னைத் தெரிந்தவர்களிடம் விசாரித்தால், "தங்கமான மனுசன், பேச்சுதான் வராது" என்பார்கள். இணையத்தில் என்னைத் தெரிந்தவர்களிடம் விசாரித்தால், "நன்றாக எழுதுவார், வாய்தான் கொஞ்சம் நீளம்" என்பார்கள். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. இந்த இரண்டு கூட்டமும் எங்கேயாவது ஒன்றாகச் சந்தித்துவிடக் கூடாதே என்பதுதான் பல வருடங்களாக என் பெரிய கவலை.

எனக்குத் திக்குவாய். இதை எழுத ஒரு நொடி போதும். வாயால் சொல்வதென்றால் எப்போது முடிப்பேன் என்பது அன்றைய நாளைப் பொறுத்தது. என் ஊரின் பெயரும் 'தி'யில் தொடங்குகிறது, என் கோளாறின் பெயரும் 'தி'யில் தொடங்குகிறது. யார் வைத்தார்களோ தெரியாது, என்னைக் கேட்டு வைக்கவில்லை.

செம்பட்டி என் மாமனார் ஊர். 'செ' எனக்குப் பரம விரோதி. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்ப்பார். பின்னால் நிற்பவர் முதுகில் இடிப்பார். நான் "செ... செ..." என்று நிற்பேன். இந்த அவமானம் எதற்கென்று அதே வழியில் அதற்கு அப்பால் இருக்கிற வத்தலக்குண்டுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு செம்பட்டியில் இறங்கிவிடுவேன். 'வ' எனக்கு ஓரளவு வழிவிடும். போகாத தூரத்துக்குக் காசு கொடுத்தவன் அந்த ரூட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என் மனைவி என் பேச்சு தெரிந்துதான் என்னைக் கட்டிக்கொண்டாள், ஆனால் இந்த டிக்கெட் சங்கதி அவளுக்குத் தெரியாது. கல்யாணமான புதிதில் ஒருநாள் பஸ்ஸில் கேட்டாள்.

"ஏங்க, வத்தலக்குண்டுல நமக்கு யாரு இருக்கா?"

யாருமில்லை என்று தலையாட்டினேன். அடுத்த தடவையிலிருந்து டிக்கெட் எடுக்கிற வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். ஒரு வார்த்தைகூட அதைப் பற்றிப் பேசவில்லை.

எனக்குத் தொழில் டிடிபி. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் சின்னக் கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கிறிஸ்தவப் பிள்ளைகளின் புதுநன்மை அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர். தமிழ் டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவன். எதிரில் இருப்பவர் சொல்லச் சொல்ல என் விரல்கள் அவருக்கு முன்னால் ஓடும். விரலுக்கு எந்த எழுத்தோடும் பகை இல்லை. 'செ'யும் 'தி'யும் மற்ற எழுத்துகளைப் போலத்தான் விழும். கடையில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் நான் முழு மனிதன் என்று அந்த நாட்களில் நினைத்துக்கொள்வேன்.

கடைக்கு இன்டர்நெட் இணைப்பு எடுத்த புதிதில்தான் இணையத்தில் ஒரு தமிழ் மன்றத்தைக் கண்டுபிடித்தேன். அப்போது கம்ப்யூட்டரில் தமிழ் எழுதுவது லேசுப்பட்ட காரியமில்லை. எழுத்துரு இறக்க வேண்டும், இறக்கினாலும் பாதிப் பேருக்குக் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதனால் உள்ளே வந்த கூட்டம் சின்னது. எல்லோருக்கும் புனைபெயர். என் புனைபெயரை இங்கே சொல்லமாட்டேன், அந்த வயதில் வைத்தது, இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது. புதிதாக வருகிறவர் அறிமுகப் பகுதியில் நாலு வரி எழுத வேண்டும், எல்லோரும் வந்து "வருக வருக" என்பார்கள். ஒருவர் தொடங்கி வைக்கிற பேச்சுக்குத் திரி என்று பெயர். சண்டை முற்றினால் மட்டுறுத்துநர் என்று ஒருவர் வந்து திரியைப் பூட்டிவிடுவார். எவ்வளவு கேவலமாகத் திட்டினாலும் "அன்பு நண்பரே" என்று தொடங்கித்தான் திட்ட வேண்டும். அது எழுதாத சட்டம்.

அங்கே எனக்குக் கிடைத்த சுகத்தை மற்றவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். திக்குகிறவனுக்கு உலகம் செய்கிற பெரிய உபகாரம், அவன் வாக்கியத்தை அவனுக்கு முன்னால் முடித்து வைப்பது. பெரும்பாலும் தப்பாகத்தான் முடிப்பார்கள். நாம் காப்பி கேட்க வாயெடுப்போம், "டீயா? ஒரு டீ போடுப்பா" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். சரி என்று தலையாட்டிவிட்டுக் குடிக்க வேண்டியதுதான். இப்படி வேண்டாத டீ எத்தனையோ குடித்திருக்கிறேன். மன்றத்தில் என் வாக்கியத்தை முடித்து வைக்க யாரும் வரவில்லை. நானே தொடங்கினேன், நானே வளர்த்தேன், நானே குத்திவிட்டு நானே முற்றுப்புள்ளி வைத்தேன். அத்தனை வருடம் தொண்டையில் கிடந்த நக்கலெல்லாம் விரல் வழியாக வந்து இறங்கியது. கொஞ்ச நாளில் என்னைப் பார்த்தால் பயப்பட ஆரம்பித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

பயப்படாதவர் ஒருவர் இருந்தார். சாப்பாட்டுப் பகுதியில் ஒருநாள் நான் சிறுமலை வாழைப்பழத்தைப் புகழ்ந்து எழுதியிருந்தேன். அவர் வந்து, "அன்பு நண்பரே, விருப்பாச்சிப் பழத்தைத் தின்றதில்லை போலும், ஆழ்ந்த அனுதாபங்கள்" என்றார். விடுவேனா? ஒரு கட்டுரையே எழுதினேன். அவர் இரண்டு எழுதினார். மட்டுறுத்துநர் வந்து திரியைப் பூட்டினார். நாங்கள் வேறு திரிக்குப் போய்ச் சண்டையைத் தொடர்ந்தோம். பழத்தில் தொடங்கியது அரசியல், மழை, மதியத் தூக்கம் என்று எல்லாவற்றுக்கும் பரவியது. நான் கிழக்கு என்றால் அவர் மேற்கு. அவர் எழுதுகிற தமிழைப் பார்த்து ஏதோ வெளிநாட்டில் ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கிற ஆசாமி என்று நினைத்திருந்தேன். காலையில் கடை திறந்ததும் சாம்பிராணி போடுவதற்கு முன்னால் அவர் என்ன எழுதியிருக்கிறார் என்றுதான் பார்ப்பேன்.

மன்றத்தில் சந்திப்பு என்று ஒரு வழக்கம் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு ஊரில் கூடிச் சாப்பிட்டுப் பேசிக் கலைவார்கள். ஒரு வருடம் திண்டுக்கல் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஊர்க்காரன் நான் போகாமல் இருக்க முடியாது. போனால் பேச வேண்டும். பல நாள் யோசித்து, சித்திரை வெயிலில் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு ஓட்டலுக்குப் போனேன். தொண்டை கட்டி குரல் போய்விட்டது என்று கடையிலேயே பிரிண்ட் எடுத்துக்கொண்டு போன சீட்டை ஒவ்வொருவரிடமும் காட்டினேன். மற்றதையெல்லாம் துண்டுத் தாளில் எழுதி நீட்டினேன். திருச்சியிலிருந்து வந்த ஓர் அம்மா ஓட்டல்காரரிடம் சண்டை போட்டு மிளகுப்பால் வாங்கிக் கொடுத்தார். வியர்வையில் மப்ளர் ஊறிவிட்டது. எல்லோரும் என் துண்டுத் தாள்களை வாசித்து வாசித்துச் சிரித்தார்கள். "குரல் போனாலும் குசும்பு போகல" என்றார் ஒருவர். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து மப்ளரைக் கழற்றியபோது ஏதோ பரீட்சையில் தேறிவிட்ட மாதிரி இருந்தது. வாழைப்பழக்காரர் அன்று வரவில்லை. தேங்காய் வெட்டு நடக்கிறது, ஆளில்லை என்று எழுதியிருந்தார். ஏசி ரூமில் ஏது தேங்காய் வெட்டு என்று அப்போதுதான் முதல்முறை சந்தேகம் வந்தது.

அதற்கப்புறம் செல்போனிலேயே தமிழ் எழுத வந்துவிட்டது. மன்றம் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது. ஒருநாள் போய்ப் பார்த்தால், அறிமுகப் பகுதியில் கடைசியாக வந்து நாலு வரி எழுதியிருந்தவருக்கு "வருக" சொல்ல ஆளில்லை. நான் மட்டும் சொன்னேன். அவரும் திரும்பி வரவில்லை.

எல்லோரும் சொந்தப் பெயரும் சொந்தப் படமும் போட்டுப் புழங்கும் தளங்களுக்குப் போயிருந்தார்கள். நானும் போனேன். வாழைப்பழக்காரரை அங்கேதான் முகத்தோடு பார்த்தேன். வெளிநாடுமில்லை, ஏசியுமில்லை. பழனிக்குப் பக்கத்தில் நெய்க்காரப்பட்டியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற விவசாயி. மடித்துக் கட்டிய வேட்டியோடு வாய்க்கால் மேட்டில் நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருடம் ஒரே மாவட்டத்துக்குள் இருந்துகொண்டு உலகப் போர் நடத்தியிருக்கிறோம். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள் ஆனோம். சண்டையை மட்டும் விடவில்லை.

ஆனால் அந்தத் தளங்களுக்கு என் ஊரும் வந்துவிட்டது. பத்திரிகை அடிக்க வருகிறவர், எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியார், மச்சினன், செம்பட்டி மளிகைக்கடைக்காரர் வரை எல்லோரும் அங்கே இருந்தார்கள். என் கவலை ஆரம்பமானது. நான் எங்கேயாவது காரசாரமாக ஒரு வரி எழுதினால், அடியில் யாராவது உள்ளூர்க்காரர் வந்து, "அண்ணே, நேர்ல ஒரு வார்த்தை பேசமாட்டீங்க, இங்க பொளந்து கட்டுறீங்க" என்று எழுதுவார். அவசரமாக அதை அழிப்பேன். என் எழுத்தும் மெல்ல மெல்ல அடங்கிப்போனது. பல்லைப் பிடுங்கிய பாம்பு மாதிரி கோயில் திருவிழாப் படங்களுக்கு விருப்பம் போட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு குரூப்கள் வந்தன. சொந்தக்காரர் குரூப், பங்கு குரூப், அச்சகக்காரர் குரூப், மன்றத்துப் பழைய ஆட்கள் சேர்ந்து வைத்த குரூப். காலையில் போனைத் திறந்தால் பூ, சூரியன், குழந்தை, காலை வணக்கம். எனக்கு வருகிற கோபத்துக்கு அளவில்லை. ஒருநாள் சொந்தக்காரர் குரூப்பில் என் சித்தப்பா மகன் ஒரு பெரிய பதிவைப் போட்டிருந்தான். தலைப்பில் "படித்ததில் பிடித்தது". வாசித்தால், பஸ் கண்டக்டர்களைப் பற்றி நான் மன்றத்தில் எழுதிய கட்டுரை! என் புனைபெயரைக் கத்தரித்துவிட்டு எத்தனை கை மாறியோ என்னிடமே வந்திருக்கிறது. எல்லோரும் கைதட்டும் படம் போட்டிருந்தார்கள். அவன் எனக்குத் தனியாக வேறு ஒரு செய்தி அனுப்பினான். "அண்ணே, சும்மா போஸ்டர் அடிச்சுக்கிட்டு இருக்காம நீயும் இப்புடி எழுதிப் பழகுண்ணே." நான் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டேன். அதை எழுதியது நான்தான் என்று சொன்னால், எங்கே வாயால் சொல்லிக் காட்டு என்பான்.

இதில் எனக்கு நன்மையே இல்லை என்று சொன்னால் அநியாயம். எல்லோரும் போனுக்கு வந்ததில் நான் வாய் திறக்க வேண்டிய இடங்கள் பாதியாகக் குறைந்துவிட்டன. வாடிக்கையாளர்கள் விஷயத்தைச் செய்தியாக அனுப்புகிறார்கள், நான் மாதிரியைப் படமாக அனுப்புகிறேன், காசு போனிலேயே வந்துவிடுகிறது. கேஸ் சிலிண்டருக்குப் பேச வேண்டாம். தப்பித் தவறி யாராவது கூப்பிட்டாலும், நான் முதல் எழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது எதிர்முனையில் "ஹலோ, ஹலோ, இங்க சிக்னல் இல்லபோல" என்று அவர்களே காரணம் கண்டுபிடித்து வைத்துவிடுவார்கள். டவர் வைத்தவர்களை மனதார வாழ்த்தியிருக்கிறேன்.

நிம்மதியாக இருக்கிறேன் என்று நினைத்த நேரத்தில் வாய்ஸ் வந்தது. குரூப்பில் எல்லோரும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு பேசுகிறார்கள், விரலை எடுத்தால் போய்விடுகிறது. தமிழில் எழுதத் தடுமாறியவர்களுக்கு இது சொர்க்கம். எழுதத் தெரிந்த மன்றத்து ஆட்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் வயதாகிவிட்டது, சின்ன எழுத்தை வாசித்தால் கண் வலிக்கிறதாம். நான் பத்தி பத்தியாக எழுதினால், "யோவ், வாய்ஸ்ல போடுங்க, யாரு வாசிக்கிறது?" என்பார்கள். நான் கேட்காத மாதிரி மறுபடி எழுதுவேன். "இன்னும் தொண்டை கட்டு சரியாகலையா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரிக்கும் படங்களைப் போட்டார்கள். அவர்களுக்கு அது வெறும் கேலி. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் முகம் பார்த்துப் பேசலாம் என்று குரூப்பில் ஒரு யோசனை வந்தது. நெட் ஸ்லோ என்று எழுதிவிட்டுப் போனை அணைத்துவிட்டேன்.

பேசினால் போன் தானாகத் தமிழில் எழுதும் என்று மச்சினன் காட்டிக் கொடுத்தான். அவன் போனதும் கடையில் தனியாக உட்கார்ந்து முயன்று பார்த்தேன். முதல் எழுத்திலேயே நின்றேன். அது கொஞ்சம் பார்த்தது, 'டொய்ங்' என்றது, தூங்கிவிட்டது. கண்டக்டராவது அடுத்த ஸ்டாப் வரைக்கும் காத்திருப்பார்.

இந்தச் சமயத்தில்தான் நெய்க்காரப்பட்டி சிநேகிதரின் கண் கெட ஆரம்பித்தது. சர்க்கரை பல வருடமாக உண்டு, கவனிக்கவில்லை. முதலில் எழுத்துப்பிழையோடு எழுதினார். பிறகு எழுதுவதையே நிறுத்திவிட்டு வாய்ஸ் அனுப்பினார். அவர் குரலை அப்போதுதான் கேட்டேன். எழுத்தில் அத்தனை ஆங்காரம் காட்டிய மனுஷன் பேச்சில் அத்தனை மரியாதை.

"ஏனுங்க, நீங்க எழுதறத இப்ப போன்ல ஒரு புள்ள படிச்சுச் சொல்லுதுங்க. எம்மக செட் பண்ணிக் குடுத்துட்டுப் போச்சு. ஆனா ஒண்ணுங்க, நீங்க என்னைய முட்டாள்னு எழுதுனாலும் அது என்னமோ 'ரயில் காலதாமதமாக வரும்'ங்கற மாதிரி படிக்குதுங்க. கோவமே வரமாட்டீங்குது."

கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்தது வந்தது. மதுரையில் கண் டாக்டரிடம் காட்டியிருக்கிறார். உடனே ஆபரேஷன் செய்தால் ஒரு கண்ணையாவது காப்பாற்றலாம், தள்ளிப்போட்டால் இரண்டும் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார்கள். இவர் தேங்காய் வெட்டு முடியட்டும் என்று வந்துவிட்டார். பயம். அதைச் சொல்லாமல் தோப்பு, ஆள் பற்றாக்குறை, மழை என்று ஊர்க்கதையெல்லாம் சொன்னார். மகள் கோயம்புத்தூரிலிருந்து அழுது பார்த்தும் நகரவில்லை.

நான் எழுதினேன். மன்றத்து நாட்களில் எழுதிய மாதிரி, ஒரு பழைய ஆயுதம் விடாமல் எல்லாவற்றையும் எடுத்து எழுதினேன். தென்னை மரத்துக்கு வண்டு விழுந்தால் மட்டும் மறுநாளே மருந்து வைக்கத் தெரிகிறதே, கண்ணுக்கு என்ன கேடு என்று கேட்டேன். வாசித்துப் பார்த்தேன், எனக்கே கடுமையாகத்தான் இருந்தது. அனுப்பினேன். பதில் சிரிப்போடு வந்தது.

"அருமையாத் திட்டியிருக்கீங்க போல இருக்குதுங்க. ஆனா அந்தப் புள்ள திட்டி நான் ஆசுபத்திரிக்குப் போறதாவதுங்க! நீங்க வாய்ஸ்ல போடுங்க. உங்க வாயால திட்டுங்க, நான் கெளம்பறனுங்க. இத்தன வருசப் பழக்கம், உங்க கொரல ஒருக்கா கூட நான் கேட்டதில்லீங்களே."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் விளையாட்டாகச் சொன்னதில் பாதி நிஜம் என்று எனக்குத் தெரியும். ஒரு ஆள் வந்து கையைப் பிடித்து இழுக்க மாட்டானா என்று அவர் உட்கார்ந்திருந்தார். நான் பதில் போடவில்லை. அன்றும் போடவில்லை, மறுநாளும் போடவில்லை. கடையில் வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் குரல் ஸ்பீக்கரில் ஓடியபோது சாப்பாடு கொண்டுவந்திருந்த என் மனைவி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். மூன்றாம் நாள் மதியம் தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டே சொன்னாள்.

"அவுக பேசச் சொல்லி இத்தன நாளாச்சு. நீங்க என்ன பண்றீக?"

"எ... எழுதிட்டேன்ல."

"எழுத்து போய்ச் சேரலன்னுதான அவுக சொல்றாக? அவுக கண்ணு பெருசா, ஒங்க வெக்கம் பெருசா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. திரும்பித் திட்ட நினைத்தேன், முதல் எழுத்து வரவில்லை. அவள் காத்திருந்தாள். மற்றவர்களைப் போல என் வாக்கியத்தை முடித்து வைக்காமல், கையில் வெஞ்சனக் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். முடிவில் நான் கை கழுவ எழுந்தேன். அவள் பரிமாறிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் என் மாமியாரிடமிருந்து செம்பட்டியிலிருந்து ஒரு வாய்ஸ் வந்தது. தினமும் வருவதுதான். தன் வாழ்நாளில் கையெழுத்தைத் தவிர ஒன்றும் எழுதியறியாத மனுஷி அவர். இடையில் இருமல், கோழியை விரட்டுகிற சத்தம், "என்னமோ சொல்ல வந்தேன்... அது வந்து... ஆங்..." என்று ஒரு நீண்ட இடைவெளி, பிறகு முருங்கைக்காய் அனுப்பியிருக்கிற தகவல். அன்றுதான் அதை உட்கார்ந்து கவனித்துக் கேட்டேன். பங்கு குரூப்பில் வந்திருந்ததையும் கேட்டேன். ஒருவர் பாதியில் கொட்டாவி விட்டார். ஒருவர் பஸ் ஹாரனுக்குள் மூழ்கிப்போனார். மிக்ஸி ஓடுகிற சமையலறையிலிருந்து ஒரு டீச்சர் சொன்னதையே மூன்றாம் தடவையாகச் சொன்னார். யாரும் நேராகப் பேசவில்லை. யாரும் அதைக் கண்டுகொள்ளவுமில்லை. நான் வந்து சேர்ந்தபோது இணையம் என்பது நன்றாக எழுதுகிறவர்களின் கூடாரமாக இருந்தது, அங்கே தப்பில்லாமல் இருக்க வேண்டும் என்று நான் பாடுபட்டேன். இப்போது அது வாரச்சந்தை ஆகிவிட்டது. இதைத்தான் இத்தனை வருடம் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன். இந்தச் சத்தத்துக்குள் என் சத்தமும் ஒன்றாகப் போகாதா என்று அன்றுதான் தோன்றியது.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். பேச வேண்டியதை முதலில் டைப் செய்து பிரிண்ட் எடுத்துக்கொண்டேன். பொத்தானை அழுத்தி வாசித்தேன். வாசிக்கும்போது சொல்லை மாற்ற முடியாது, அதனால் திக்கல் இன்னும் மோசமாகும். அழித்தேன். மறுபடி பேசினேன், போகுமுன் விரலை ஓரமாகத் தள்ளி அதையும் அழித்தேன். ஒரு தடவை "அன்பு நண்பரே" என்பதையே தாண்ட முடியவில்லை. பிரிண்ட் எடுத்த தாளைக் கசக்கி எறிந்தேன். கோபம் வந்தால் திக்காது என்று சிலர் சொல்வார்கள். அது பொய், கோபத்தில்தான் கூடும். ஆனால் கோபம் வந்தால் வெட்கம் கொஞ்சம் விலகி நிற்கும், அது நிஜம்.

"இங்க பாருங்க," என்று தொடங்கினேன். "எ... எனக்குத் திக்கும். பொறந்ததுல இருந்தே இப்புடித்தான். அன்னைக்குச் சந்திப்புல எனக்குத் தொண்டையும் கட்டல, ஒண்ணும் கட்டல. சித்திர வெயில்ல மப்ளரச் சுத்திக்கிட்டு எல்லாரையும் ஏமாத்துனேன். இந்தக் கொரல ஒருத்தரும் கேட்டுறக் கூடாதுன்னு இம்புட்டு வருசம் ஒ... ஒளிஞ்சு கெடந்தேன். அத விட்டுட்டு இப்ப வாயத் தொறந்துருக்கேன். நீங்க ஒரு கட்டில்ல ஏறிப் படுக்கப் பயப்படுறீக. பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க. தே... தேங்காய் மேல பழி போடாதீங்க. போங்க. போயிட்டு வாங்க. கண்ணு போயிருச்சுன்னா நான் யாருகூடச் சண்ட போடுறது?"

இதை இங்கே எழுதியிருப்பது போல அது இல்லை. நடுவில் எத்தனையோ இடங்களில் நின்றேன். ஒரு இடத்தில் மேஜையைக் கையால் குத்திய பிறகுதான் சொல் வந்தது. கடைசி வரியில் குரல் உடைந்தது. விரலை எடுத்தேன், போய்விட்டது. அழிக்க நினைத்துத் திரும்ப எடுப்பதற்குள் இரண்டு டிக் விழுந்துவிட்டது. மாதிரிப் பத்திரிகைகள் வைக்கிற டிராயருக்குள் போனைப் போட்டு மூடினேன். ஷட்டரைத் தூக்கினேன். புதுமனைப் புகுவிழாப் பத்திரிகைக்கு ஒரு தம்பதி வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று ஒன்றும் ஏறவில்லை.

அவர்கள் போனதும் எடுத்துப் பார்த்தேன். கேட்டுவிட்டார் என்பதற்கான நீல அடையாளம் இருந்தது. பதில் இல்லை. மற்றவர்களுக்கும் போட்டுக் காட்டிக்கொண்டிருப்பாரோ என்று நினைத்தேன். மன்றத்து ஆட்கள் எல்லோரும் சேர்ந்து சிரிக்கிற மாதிரி கற்பனை செய்துகொண்டேன். வெளியே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். அப்போது வந்தது.

"கேட்டனுங்க. மறுக்காவும் கேட்டனுங்க. பயமாத்தான் இருக்குதுங்க. உங்களுக்கும் இருந்திருக்குமல்லங்க, ஆனா பேசிப்புட்டீங்க. சரிங்க, வர்ற திங்கக்கெழம மதுரைக்குப் போறனுங்க. மககிட்டயும் சொல்லிட்டேன். ஒரே ஒரு கண்டிசனுங்க. கண்ணக் கட்டிப் போட்ருவாங்களாமா, படுத்துட்டே கெடக்கோணும். தெனமும் இந்த மாதிரி ஒண்ணு போட்டு உடுங்க. அவசரமே இல்லீங்க, நின்னு நிதானமாப் பேசுங்க. எனக்கு வேற சோலி என்ன இருக்குது? நீளமாவே போடுங்க."

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, கண்ணைத் துடைக்கவும் இல்லை. சீக்கிரம் சொல்லு, விஷயத்துக்கு வா, விடு நான் சொல்கிறேன் என்றுதான் எல்லோரும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நீளமாகப் பேசு என்று ஒருவரும் கேட்டதில்லை.

அவர் போனார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு கண்ணில் பார்வை போதுமான அளவுக்கு நின்றுவிட்டது, தேங்காய்க்கும் பிஞ்சுக் குரும்பைக்கும் வித்தியாசம் தெரிகிறது என்றார். கட்டுப் போட்டிருந்த நாட்களில் தினமும் அனுப்பினேன். கட்டுப் பிரித்த பிறகும் அவர் கேட்கிறார், நானும் அனுப்புகிறேன். மன்றத்து குரூப்பிலும் ஒருநாள் எழுதாமல் பேசினேன். மிளகுப்பால் வாங்கிக் கொடுத்த திருச்சி அம்மா, "அடப்பாவி, அன்னைக்கு அந்த வெயில்ல!" என்று ஒரு வாய்ஸ் போட்டார். அதற்குப் பிறகு எல்லோரும் நான் சொன்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு என்னோடு மல்லுக்கு நின்றார்கள். திக்கல் அப்படியேதான் இருக்கிறது. புதிதாக ஒரு எழுத்துகூட எனக்கு வழிவிடவில்லை. நான் அதைப் பற்றிக் கவலைப்படுவதை மட்டும் விட்டுவிட்டேன்.

போன வாரம் மதியம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். இலையில் சோறு விழுந்துவிட்டது. நான் இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு நெய்க்காரப்பட்டிக்கு ஏதோ ஒரு சண்டையை விலாவாரியாகப் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன், நின்றேன், மீண்டேன், மேலே போனேன். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. கரண்டியோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்த என் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏங்க, செத்த நேரம் வாய மூடிக்கிட்டுச் சாப்பிடுங்களேன்!"

என்னைப் பார்த்து அந்த வார்த்தையை இதுவரை யாரும் சொன்னதில்லை. அவளுக்கும் அது சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். பிறகு வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.